அலை, நாடா, வன்தட்டு: கம்பம்மெட்டுச் சரிவிலிருந்து வீட்டு ஊடகப் பெட்டியின் வரலாறு

தமிழில் ஊடக வரலாறு பெரும்பாலும் நிலையங்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்திருக்கிறது. 1924இல் சென்னை மாகாண வானொலிக் கழகம், 1938இல் சென்னை வானொலி நிலையம், 1939இல் திருச்சி, 1975 ஆகஸ்ட் 15இல் சென்னைத் தொலைக்காட்சி, 1993 ஏப்ரல் 14இல் சன் டிவி என்று ஆண்டுகள் வரிசையாக நிற்கும். இது அலையை அனுப்பியவர்களின் வரலாறு. அலை வந்து சேர்ந்த வீட்டில் என்ன பெட்டி இருந்தது, அந்தப் பெட்டி எதைத் தன்னிடம் வைத்துக்கொண்டது, எதை வைத்துக்கொள்ள இயலாமல் நழுவவிட்டது என்ற கேள்விகள் அதில் இடம்பெறுவதில்லை. சிறிய மேசைக்கணினி ஒன்றைத் தொலைக்காட்சியோடு இணைத்து, பாட்டு, படம், குடும்ப நிழற்படம், பதிவுசெய்த நிகழ்ச்சி அனைத்தையும் ஒரே இடத்தில் சேர்த்துவைக்கும் வழக்கம் 2000களில் உலகெங்கும் பரவியபோது, இந்தக் கேள்விகளுக்குப் புதிய பொருள் கிடைத்தது. அதைச் சென்னையிலிருந்து பார்ப்பதைவிட, அலை ஒரு மாநிலத்திலும் வீடு இன்னொரு மாநிலத்திலும் இருந்த கம்பம்மெட்டிலிருந்து பார்ப்பது பொருத்தம்.

தேனி மாவட்டத்துக் கம்பத்திலிருந்து மலைச்சாலையில் ஏறினால் உச்சியில் கம்பம்மெட்டு. சோதனைச்சாவடிக்கு அப்பால் இடுக்கி மாவட்டத்தின் உடும்பஞ்சோலை வட்டம். நெடுங்கண்டம், கட்டப்பனை நோக்கிச் சாலை பிரியும். 1956இல் மொழிவழி மாநிலங்கள் பிரிந்தபோது தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள் குறித்து எழுந்த வழக்கு தமிழ் அரசியல் வரலாறு படிப்போர் அறிந்ததே. எல்லைக்கோடு மலைமுகட்டில் விழுந்தது. வாழ்க்கை அப்படிப் பிரியவில்லை. கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து ஏலத்தோட்டங்களுக்கு விடியற்காலையில் ஜீப்புகளில் ஏறிப்போய் மாலையில் இறங்கும் தொழிலாளர்கள் ஒருபுறம், தலைமுறைகளாக லயங்களில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் மறுபுறம் என இரு வகை வாழ்வும் இங்கே உண்டு.

இந்த நிலப்பரப்பில் அலைகளுக்கு எல்லை கிடையாது. கொடைக்கானல் மலையிலிருந்து ஒலிபரப்பாகும் பண்பலை 100.5, உயரத்தின் வலிமையால் பள்ளத்தாக்கைத் தாண்டி, கிழக்கு நோக்கிய சரிவுகளிலும் கேட்கும். அதே கொடைக்கானலில் அமைந்த தூர்தர்ஷன் அலைபரப்பி தென்மாவட்டங்களுக்குச் சென்னையின் படத்தைக் கொண்டுவந்தது. ஆனால், மலைநாட்டில் ஒரு முகடு குறுக்கிட்டால் போதும், அடுத்த வளைவில் இருக்கும் லயத்துக்குப் படம் வராது. ஆண்டெனாவைத் திருப்புவதற்கென்றே கூரைமேல் ஒருவர் நிற்க வேண்டியிருந்தது. வந்த அலையையும் வைத்துக்கொள்ள முடியாது. ஒளியும் ஒலியும் நிகழ்ச்சி வெள்ளிக்கிழமை வந்தது, போனது. தவறவிட்டவருக்கு மறுவாரம்தான்.

வைத்துக்கொள்ளும் வசதியை முதலில் கொண்டுவந்தது நாடா. 1980களில் வீடியோ நாடாப் பெட்டிக்குத் தமிழ் ஊர்களில் கிடைத்த பெயர் ‘டெக்’. அதை விலைக்கு வாங்கியவர்களைவிட வாடகைக்கு எடுத்தவர்களே மிகுதி. தொலைக்காட்சியும் டெக்கும் சேர்த்து ஓரிரவுக்கு வாடகை பேசி, மூன்று நான்கு கேசட்டுகளோடு கொண்டுவந்து இறக்குவார்கள். தெருவே கூடி விடியும்வரை பார்க்கும். படக் கேசட் மறுநாள் கடைக்குத் திரும்பிவிடும். வீட்டில் தங்கியது கல்யாணக் கேசட் மட்டுமே. அந்தக் கேசட்டை வைத்திருந்த பல வீடுகளில் அதை ஓட்டிப் பார்க்கும் பெட்டி இல்லை என்பதைத் தமிழ் ஊடக ஆய்வுகள் போதிய அளவு கருத்தில் கொள்ளவில்லை. பெட்டகம் ஒரு வீட்டிலும் அதன் திறவுகோல் வாடகைக் கடையிலும் இருந்தன.

அடுத்த பெரிய மாற்றத்தை அரசு செய்தது. 2006 செப்டம்பர் 15இல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் 14 அங்குலப் பெட்டிகள் ஒன்றரைக் கோடிக்கும் மேல் வழங்கப்பட்டன. வழங்கலுக்கு அடிப்படை தமிழ்நாட்டுக் குடும்ப அட்டை. ஒரே ஏலத்தோட்டத்தில் வேலைசெய்த இரு பெண்களில், மாலையில் கம்பத்துக்கு இறங்குபவருக்குப் பெட்டி கிடைக்கும். லயத்தில் தங்கிக் கேரள அட்டை வைத்திருப்பவருக்குக் கிடைக்காது. அலை கடந்த எல்லையை அட்டை கடக்கவில்லை. 2004 டிசம்பரில் தொடங்கப்பட்ட தூர்தர்ஷனின் கட்டணமில்லா டிஷ் சேவை மட்டும் முகடுகளையும் மாநிலங்களையும் ஒருசேரத் தாண்டியது.

இதே ஆண்டுகளில் வெளியுலகில் சிறிய கணினி வரவேற்பறைக்குள் நுழைந்துகொண்டிருந்தது. மைக்ரோசாஃப்ட் 2002இல் விண்டோஸ் எக்ஸ்பியின் ‘மீடியா சென்டர்’ பதிப்பை வெளியிட்டது. எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுப் பெட்டிக்காகத் தன்னார்வலர்கள் எழுதிய எக்ஸ்பிஎம்சி மென்பொருளின் முதல் பதிப்பு 2004இல் வந்தது. அதுவே 2014இல் ‘கோடி’ என்று பெயர் மாறியது. ஆப்பிள் 2005 ஜனவரியில் அறிமுகப்படுத்திய மேக் மினி ஆறரை அங்குலச் சதுரம், இரண்டு அங்குல உயரம், 499 டாலர். மறு ஆண்டு வந்த இன்டெல் மேக் மினியோடு ஒரு சிறு ரிமோட்டும், சாய்வு நாற்காலியிலிருந்தே படிக்கும் அளவுக்குப் பெரிய எழுத்துகளைக் காட்டும் ‘ஃப்ரன்ட் ரோ’ என்னும் திரைமுகப்பும் வந்தன. கணினி ஊடகப் பெட்டியாக வேண்டுமானால் அதற்கு வேண்டியவை வேகமோ ஆற்றலோ அல்ல. விசிறி இரையக் கூடாது. மின்சாரம் குறைவாகக் குடிக்க வேண்டும். தொலைக்காட்சியின் செருகுவாயோடு ஒத்துப்போக வேண்டும். விசைப்பலகை இன்றி இயங்க வேண்டும். தன்னுள் நிறையச் சேமிக்க வேண்டும்.

தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் மேக் மினி வரவேற்பறையை அடைந்ததென்று சொன்னால் அது வரலாறாகாது. இங்கே அந்தப் பணியைச் செய்தது வேறொரு கணினி. அது பேருந்து நிலையத்தையொட்டிய அலைபேசிக் கடையின் மேசையில் இருந்தது. மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தரப்படும் என்ற அட்டை தொங்கும் அக்கடைகளில், ஒரு பழைய கணினியின் வன்தட்டில் ஊர் முழுவதற்குமான இசைத் தொகுப்பு இருந்தது: இளையராஜா, ரகுமான், பக்திப் பாடல், நாட்டுப்புறப் பாடல், புதுப்படம் எனத் தனித்தனி உறைகளாக. கோப்புகளின் பெயர்கள் பெரும்பாலும் ஆங்கில எழுத்தில் இருக்கும். வாடிக்கையாளர் தேர்ந்தெடுப்பதும் உண்டு. கடைக்காரர் தாமே தேர்ந்து நிரப்பித் தருவதும் உண்டு. பதிப்புரிமைச் சட்டத்தின் முன் இது குற்றம் என்பதில் ஐயமில்லை. திருட்டு வீடியோ வணிகர்களைக் குண்டர் தடுப்புச் சட்டத்தின்கீழ் கொண்டுவரும் திருத்தம் 2004இலேயே வந்துவிட்டது. மோசர் பேயர் நிறுவனம் 2007இல் 28 ரூபாய்க்கு விசிடி, 34 ரூபாய்க்கு டிவிடி என்று முறையான வட்டுகளை இறக்கிப் போட்டியிட்டதும் இந்தச் சந்தையை நோக்கித்தான். ஆயினும், அந்தக் கடைக் கணினியை வெறும் திருட்டுக் கருவியாக மட்டும் கண்டு கடந்துவிடுவது ஆய்வாளரின் சோம்பல். அலை எட்டாத லயத்துக்கு ஒரு விரல்நக அளவு அட்டையில் பாட்டு மலையேறியது அந்த மேசையிலிருந்துதான்.

2011 இந்தக் கதையில் நெருக்கடியான ஆண்டு. செப்டம்பர் 2இல் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்கு மறுபடி தொடங்கியது. செப்டம்பர் 15இல் இலவச மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. டிசம்பரில் முல்லைப் பெரியாறு அணைச் சிக்கல் முற்றி, குமுளியிலும் கம்பம்மெட்டிலும் போக்குவரத்து தடைபட்டது; தோட்டங்களுக்குப் போன ஜீப்புகள் நின்றன. சாலை மூடியிருந்த நாட்களிலும் கொடைக்கானல் பண்பலை இருபுறமும் கேட்டது.

மாணவருக்கென வந்த மடிக்கணினி மாலையில் குடும்பத்தின் திரையரங்கம் ஆனது. ஆனால், ஐந்தாண்டு இடைவெளியில் இரு அரசுகள் கொடுத்த இரு பரிசுகளும் ஒன்றோடொன்று பேசவில்லை. 14 அங்குலக் குழாய்த் தொலைக்காட்சியிடம் இருந்தவை மஞ்சள், வெள்ளை, சிவப்பு வட்டச் செருகுவாய்கள். மடிக்கணினியிடம் இருந்தவை கணினித் திரைக்கான இணைப்புகள். இடையில் ஒரு மாற்றுப்பெட்டி வாங்கினால்தான் படம் தெரியும். ஆகவே பல வீடுகள் யுஎஸ்பி துளை வைத்த மலிவான டிவிடி பெட்டியை வாங்கி, அதில் பென்டிரைவைச் செருகின. ‘வீட்டு ஊடக நடுவம்’ என்ற ஆங்கில வணிகக் கனவின் உண்மையான தமிழ் வடிவம் அந்த டிவிடி பெட்டிதான். அதற்கென ஒரு வரலாற்று நூல் இன்னும் எழுதப்படாதது வியப்பு.

இந்த இடத்தில் ராஸ்பெரி பை முக்கியமாகிறது. 2012 பிப்ரவரி 29இல் விற்பனைக்கு வந்த அந்தச் சீட்டுக்கட்டளவுப் பலகையின் முதல் மாதிரியில் புதிய எச்டிஎம்ஐ இணைப்போடு பழைய மஞ்சள் வட்டச் செருகுவாயும் இருந்தது. 35 டாலர் பலகையை அரசுத் தொலைக்காட்சியோடு நேரே இணைக்கலாம். மெமரி கார்டுதான் அதன் வன்தட்டு. எக்ஸ்பிஎம்சி அதில் ஓடியது. உயர்தரப் படக்கோப்புகளை விரிப்பதற்கான வன்பொருள் அதன் சில்லுக்குள்ளேயே இருந்தது. டிவிடியில் வரும் பழைய எம்பெக்-2 வகைக்கு மட்டும் தனி உரிமச் சாவி வாங்க வேண்டும். ஓரிரு வாட்டில் இயங்கும் அதன் இயல்பு தமிழ்நாட்டுக்குத் தற்செயலாகப் பொருந்தியது. 2012இல் சென்னைக்கு வெளியே பாதி நாளுக்கும் மேல் மின்சாரம் இல்லாத நாட்கள் இருந்தன. இன்வெர்ட்டரில் விளக்கும் விசிறியும் போக மிச்சமிருந்த திறனில் இப்படியொரு பலகை தாக்குப்பிடிக்கும். தமிழ்நாட்டில் இதை வாங்கியவர்கள் பெரும்பாலும் பொறியியல் மாணவர்களும் மின்னணு ஆர்வலர்களும்தாம். பலகை மலிவாக இருந்தாலும் அதை இயக்கும் அறிவு எளிதில் கிடைக்கவில்லை.

அதற்கு நேரெதிரான கனவொன்று சென்னையிலேயே உருவானது. ஐஐடி பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவும் தொழில்முனைவர் ராஜேஷ் ஜெயினும் முன்னின்ற நோவேட்டியம் நிறுவனம், 2000களின் நடுவில் நெட்பிசி என்ற சிறு பெட்டியை முன்வைத்தது. கணிப்பும் சேமிப்பும் தொலைவிலுள்ள வழங்கியில் நடக்கும். வீட்டுப் பெட்டி திரைக்கும் கம்பிக்கும் இடையிலான வாசல் மட்டுமே. விலையைக் குறைக்கும் அறிவார்ந்த ஏற்பாடு அது. ஆனால், கம்பி அறுந்தால் பெட்டி வெறுமை. அந்நிறுவனம் பெரிதாக வளரவில்லை. அதன் தத்துவமோ இன்று ஒவ்வொரு ஓடிடி கருவியிலும் வாழ்கிறது.

எல்லைக்கு அப்பால் கேரளம் வேறு வழியில் சென்றது. 2001இல் தொடங்கிய ஐடி அட் ஸ்கூல் திட்டம் பள்ளிகளில் கட்டற்ற மென்பொருளை ஊன்றியது. 2010களின் நடுவில் தேர்ந்தெடுத்த மாணவர்களுக்கு ராஸ்பெரி பை பலகைகளையே வழங்கியது. தமிழ்நாடு கருவியைப் பரப்பியது, கேரளம் கருவியைத் திறந்து பார்க்கும் பயிற்சியைப் பரப்ப முயன்றது என்று தோராயமாகச் சொல்லலாம். இவ்விரண்டுக்கும் இடையில் நின்றவர்கள் கேரளத்தின் தமிழ்வழி மாணவர்கள்.

2020 ஜூனில் பள்ளிகள் மூடியிருந்தபோது அவர்களின் நிலை வெளிப்பட்டது. கேரளம் ‘ஃபர்ஸ்ட் பெல்’ வகுப்புகளை விக்டர்ஸ் அலைவரிசையில் ஜூன் 1 அன்று மலையாளத்தில் தொடங்கியது. தமிழ்நாட்டின் கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்ட் முதலே தமிழில் ஒளிபரப்பாகிக்கொண்டிருந்தது. ஆனால் அதன் பாடத்திட்டம் வேறு. அலை தமிழாக இருந்தும் பாடம் தங்களுடையதாக இல்லை என்ற விசித்திரமான இடைவெளி அது. இடுக்கி, பாலக்காடு மாவட்டங்களின் தமிழ்வழி மாணவர்களுக்கெனத் தமிழ் வகுப்புகள் பின்னர் தயாராகி, யூடியூபிலும் உள்ளூர்க் கேபிளிலும் வந்தன. யூடியூபுக்கு அலைபேசி அலை வேண்டும். மூணாறை அடுத்த இராஜமலையில் அலை தேடி மாணவர்கள் தொலைவு நடந்த செய்திகள் அக்கால நாளிதழ்களில் வந்தன. பதிவிறக்கிய பாடங்களைப் பள்ளிகளின் மடிக்கணினியில் வைத்து, தொலைக்காட்சியோடு இணைத்து, படிப்பகங்களில் காட்டும் ஏற்பாடு மலைப்பகுதிகளுக்குத் தேவைப்பட்டது. சேமிப்புள்ள ஒரு கணினி, ஒரு திரை, இணைய இணைப்பே இல்லாத ஓர் அறை: 2004இல் ஆர்வலர்கள் சினிமாவுக்காக வகுத்த அமைப்பு இங்கே வகுப்பறையானது.

வணிக உலகம் அதற்குள் இவ்வகைப் பெட்டியைக் கைவிடத் தொடங்கியிருந்தது. ஃப்ரன்ட் ரோ 2011இல் போனது. விண்டோஸ் மீடியா சென்டர் 2015இல் போனது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தபின் இந்தியாவில் சேமித்துவைக்கும் பழக்கமே தளர்ந்தது. இன்டெல் தன் சிறுகணினி வரிசையை 2023இல் நிறுத்திக்கொண்டு ஏசுஸ் நிறுவனத்திடம் ஒப்படைத்தது. கோடி மட்டும் தன்னார்வலர் கைகளில் தொடர்கிறது.

சிறுகணினிக்கு இப்போது வேறொரு வேலை வந்திருக்கிறது. மலையின் ஈரக்காற்றில் 1980களின் கல்யாணக் கேசட்டுகளில் பூஞ்சை படிகிறது. உலகின் கடைசி டெக் தயாரிப்பாளரான ஜப்பானின் ஃபுனாய் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. எஞ்சிய டெக்குகளில் ஒன்றைத் தேடிப் பிடித்து, நாடாவைத் துடைத்து, ஒரு மணிநேரக் கேசட்டை ஒரு மணிநேரமே ஓடவிட்டுக் கணினியில் பதிவுசெய்ய வேண்டும். விரைவாகச் செய்ய வழியில்லை. முன்பு டெக்கிலிருந்து தொலைக்காட்சிக்குப் படத்தைக் கொண்டுசென்ற அதே மஞ்சள் கம்பி, இப்போது டெக்கிலிருந்து கணினிக்குப் போகிறது. பதிவாகும் வன்தட்டும் சில ஆண்டுகளில் பழுதாகக்கூடியதே என்பதால், இன்னொரு படி எடுத்து வேறொரு வீட்டில் வைக்கச் சொல்கிறார்கள் இந்தப் பணியைச் செய்து தரும் ஸ்டுடியோக்காரர்கள்.