தலையுள் தேரை: ஒரு மருத்துவக் கதையின் வரலாற்றுப் பொருள்

1. முன்னுரை

சித்த மருத்துவ மரபில் வழங்கும் கதைகளுள் தேரையர் கதை பலரும் அறிந்த ஒன்று. மன்னன் ஒருவன் தீராத தலைவலியால் வருந்தினான். அவன் பெயர் காசிவர்மன் என்பாரும் உளர். அவன் உறங்கிய பொழுது சிறு தேரை ஒன்று மூக்கின் வழியே புகுந்து மூளையின்மேல் தங்கிவிட்டது. அகத்தியர் மண்டையோட்டினைத் திறந்து தேரையைக் கண்டார். அதனைப் பற்றி இழுப்பின் மூளை சிதையும் எனத் தயங்கினார். உடனிருந்த மாணாக்கர் வாயகன்ற கலமொன்றில் நீர் கொணர்ந்து, அதனை அலைத்து ஒலி எழுப்பினார். நீரின் ஒலி கேட்ட தேரை கலத்துள் குதித்தது. அகத்தியர் சந்தானகரணி என்னும் மூலிகை கொண்டு மண்டையோட்டினைப் பொருத்தினார். அம்மாணாக்கர் அன்று முதல் தேரையர் எனப்பட்டார்.

இக்கதையைப் பற்றி இருவேறு கருத்துகள் நிலவுகின்றன. பண்டைத் தமிழர் மூளையில் அறுவை செய்தனர் என்பதற்கு இது சான்று என்பர் ஒரு சாரார். வெறும் புனைவென ஒதுக்குவர் மற்றொரு சாரார். இரு சாராரும் இதனை அறுவையின் கதையாகவே கொள்கின்றனர். ஆயின், கதை தொடங்குவது நோயில். முடிவது நோய் நீக்கத்தில். அறுவை இடையில் வருவது. எனவே இதனைத் தலைநோயின் வரலாற்றோடு சேர்த்து நோக்குதல் வேண்டும். புறத்தே தழும்போ வீக்கமோ இல்லாத ஒரு வலியைப் பிறர் நம்பும்படி செய்வது எங்ஙனம் என்னும் வினாவிற்கு மக்கள் கண்ட விடையே இக்கதை என்பதை ஈண்டு நிறுவ முயல்வோம்.

2. ஒத்த கதைகள் இரண்டு

தலையுள் உயிரொன்று புகுந்து வருத்திய கதை தமிழில் மட்டும் வழங்குவதன்று. பாலி மொழியில் அமைந்த வினயபிடகத்தின் மகாவக்கப் பகுதியில் சீவகன் என்னும் மருத்துவன் வரலாறு காணப்படுகிறது. இவன் புத்தர் காலத்தவனாகக் கூறப்படுபவன். சீவக சிந்தாமணித் தலைவன் வேறு. இராசகிருகத்து வணிகன் ஒருவன் ஏழாண்டுகள் தலைநோயால் வருந்தினான். ஐந்தாம் நாளில் இறப்பான் என்றனர் சில மருத்துவர்; ஏழாம் நாளில் இறப்பான் என்றனர் வேறு சிலர். பிம்பிசார மன்னன் ஆணைப்படி சீவகன் வந்தான். வணிகனைக் கட்டிலோடு பிணித்து, தலைத்தோலைக் கீறி, ஓட்டின் பொருத்து வாயைத் திறந்து, உயிர்கள் இரண்டினை வெளியே எடுத்தான். அவற்றைச் சூழ நின்றார்க்குக் காட்டினான். பெரியதனைக் கண்டவர் ஐந்தாம் நாள் என்றனர், சிறியதனைக் கண்டவர் ஏழாம் நாள் என்றனர் என விளக்கமும் தந்தான். பின்னரே தலையைத் தைத்து மருந்து பூசினான்.

மற்றொன்று வடமொழியில் பல்லாளர் இயற்றிய போசப் பிரபந்தத்தில் உள்ளது. இந்நூல் 16ஆம் நூற்றாண்டினது என்பர். போச மன்னன் நீராடும்போது மூக்கில் நீர் ஏற்றித் தூய்மை செய்தான். அந்நீரொடு மீன்குஞ்சு தலைக்குள் புகுந்தது. மருத்துவர் எவராலும் வலி நீங்கவில்லை. சினந்த மன்னன் மருத்துவர் அனைவரையும் நாட்டினின்றும் அகற்றவும், வாகடர் முதலியோர் தந்த மருத்துவச் செல்வங்களை ஆற்றில் எறியவும் ஆணையிட்டான். அதன்பின் வானுலக மருத்துவராகிய அசுவினி தேவர் இருவர் மாற்றுருவில் வந்தனர். மயக்கப் பொடியால் மன்னனை மயங்கச் செய்து, தலையோட்டினை எடுத்து, மீன்களைக் கலத்திலிட்டு, ஓட்டினைச் சந்தானகரணியால் பொருத்தினர். சஞ்சீவனியால் எழுப்பிய பின் அம்மீன்களை மன்னனுக்குக் காட்டினர்.

இம்மூன்று கதைகளையும் ஒப்பு நோக்குவார்க்குச் சில உண்மைகள் புலனாகும். போசன் கதையும் தேரையர் கதையும் மிக நெருங்கியவை. புகும் வழி மூக்கு, ஏற்பது கலம், பொருத்துவது சந்தானகரணி. இம்மூலிகைப் பெயர் வான்மீகி இராமாயணத்தில் அனுமன் கொணர்ந்த மருந்துமலையின் நால்வகை மருந்துகளுள் ஒன்றன் பெயராக வருவது. கம்பர் மருத்துமலைப் படலத்தில் பிளவுண்ட உடலைப் பொருத்தும் மருந்து எனப் பொருள் விளங்கக் கூறுவதும் இதுவே. ஆகவே அறுவையின் நுட்பம் எனக் கருதப்படும் பகுதியே காப்பியத்தினின்றும் வந்தது என்பது தெளிவு.

இன்னும் ஒன்று கருதத்தக்கது. மூன்று கதைகளிலும் நோய் நீங்குவதோடு நோயின் முதல் கண்முன் நிறுத்தப்படுகிறது. சீவகன் சூழ நின்றார்க்குக் காட்டினான். அசுவினி தேவர் மன்னனுக்கே காட்டினர். தேரையோ யாவரும் காணக் கலத்துள் குதித்தது. வலி பொய்யன்று என்பதற்குச் சான்று கலத்தில் கிடந்தது. இக்காட்சியே கதைகளின் உயிர்நிலை என்க.

3. மருத்துவ நூல்களின் கூற்று

கதைகள் இங்ஙனமாக, நூல்கள் கூறுவது யாது? சுசுருத சங்கிதையின் உத்தர தந்திரம் தலைநோய் பதினொன்று என வகுக்கிறது. அவற்றுள் கிருமியால் வரும் தலைநோயும் ஒன்று. உள்ளிருந்து ஏதோ கடிப்பது போலவும் குத்துவது போலவும் தோன்றுதல் அதன் குறி. ஆயின் அதற்குக் கூறப்படும் மருத்துவம் மண்டையோட்டினைத் திறப்பதன்று. மூக்கில் மருந்திடும் நசியமே ஆகும். அறுவைக்குப் பெயர்பெற்ற நூலே அறுவை கூறாது விடுத்தமை நோக்கத்தக்கது. கதையில் நோய் மூக்கின் வழியே புகுவதும் நூலில் மருந்து மூக்கின் வழியே செல்வதும் தம்முள் இயைபுடையன. தலைக்கு வாயில் மூக்கு என்னும் எண்ணம் இரண்டிற்கும் பொது.

மண்டையோட்டினைத் துளைக்கும் வழக்கம் இந்நாட்டில் அறவே இல்லை என்பதும் பொருந்தாது. காசுமீரத்துப் புர்சகோம் என்னும் புதிய கற்கால ஊரில் 1960களில் நிகழ்ந்த அகழாய்வில் துளைகள் பல இடப்பெற்ற மண்டையோடு கிடைத்தது. ஆயினும், அத்துளைகள் எந்நோய் குறித்து இடப்பட்டன என்பதை எலும்பு உரைக்காது. அதனைத் தேரையர் கதையோடு பிணைத்தல் ஆராய்ச்சி முறையாகாது.

சுசுருதம் கூறும் பதினொன்றனுள் இரண்டு நம் பொருளுக்கு மிக வேண்டுவன. ஒன்று சூரியாவர்த்தம், கதிரவன் எழும்போது தொடங்கி, அவன் ஏற ஏற மிகுந்து, அவன் சாயத் தணிவது. மற்றொன்று அர்த்தாவபேதகம், தலையின் ஒரு பாதியைப் பிளப்பது போன்று குத்தி, மயக்கந் தந்து, பத்து நாளைக்கோ பதினைந்து நாளைக்கோ ஒருமுறை, அன்றி எதிர்பாராத வகையில் வருவது. இன்று ஒற்றைத் தலைவலி என வழங்கும் நோயின் இயல்பு இதில் நன்கு அமைந்துள்ளது. மீண்டும் மீண்டும் வருவது என்பதனை இலக்கணமாகவே கொண்டமை, நோயாளர் நாள் எண்ணிக் கூறியதை ஆசிரியர் செவிமடுத்துக் கேட்டார் என்பதற்குச் சான்றாகும். யவன மருத்துவரும் இதனையே கண்டனர். கப்படோசிய நாட்டு அரிதேயசு, இந்நோயாளர் ஒளியை வெறுத்து இருளை நாடுவர் என எழுதினார். காலேன் பாதித் தலை என்னும் பொருள்பட இட்ட பெயரே சிதைந்து மைக்ரேன் ஆயிற்று. யவனர் பாதி என்றனர். வடநூலார் பாதி என்றனர். தமிழர் ஒற்றை என்றனர். வேறுவேறு மொழியினர் ஒரே குறியால் பெயரிட்டமைக்குக் காரணம் நோயாளர் யாவரும் ஒன்றையே கூறியதாகும்.

4. தேரை வந்தது ஏன்?

பாலிக் கதையில் புழு. வடமொழிக் கதையில் மீன். தமிழ்க் கதையில் தேரை. இவ்வேறுபாடு தற்செயலாக அமைந்ததன்று. இதற்குரிய விளக்கத்தைத் தமிழ் வழக்கிலேயே காணலாம்.

தலைநோய்க்குத் தமிழில் வழங்கும் சொற்களைத் தொகுத்து நோக்குக. தலைநோவு, தலைவலி என்பன பொதுச்சொற்கள். மண்டையிடி, தலைக்குத்து, குடைச்சல் என்பன அத்தகையன அல்ல. ஈழத்தில் தலையிடி என்பதே பெருவழக்கு. இடித்தல், குத்துதல், குடைதல் என்பன வினைகள். வினை உண்டெனின் வினைமுதலும் உண்டாதல் வேண்டும். இடிப்பது யார்? குடைவது எது? வண்டு மரத்தைக் குடைவது போல என நோயாளர் உவமை கூறுவர். அவ்வுவமையின் உவம உருபு தொக்கவிடத்துக் கதை பிறக்கிறது. போல என்பது மறைய, உள்ளே உண்மையாகவே ஓர் உயிர் குடியேறுகிறது.

அவ்வுயிர் தேரையாக அமைந்தமைக்கும் காரணம் உண்டு. கல்லின் உள்ளே தேரை வாழும் என்பதும், அதற்கும் இறைவன் உணவளிக்கிறான் என்பதும் தமிழ் மக்களின் நெடுநாளைய நம்பிக்கை. பருப்பின்றிப் பொய்த்த தேங்காயைத் தேரை விழுந்த தேங்காய் என்பதும் நாட்டு வழக்கு. வாயில் இல்லாத கல். வாயில் இல்லாத தேங்காய். இரண்டினுள்ளும் தேரை புகுந்திருக்கும் எனக் கருதினர். இனித் தலையும் ஓடுடையது, தேங்காயும் ஓடுடையது. புறம் வன்மையாய், அகம் மென்மையாய், உள்ளே நிகழ்வது வெளியே தோன்றாததாய் உள்ள பொருளிலெல்லாம் தமிழர் மனம் தேரையை வைத்துப் பார்த்தது. ஆதலின் கதையின் கட்டுமானம் பல நாடுகட்குப் பொதுவாயினும் அதன் உட்பொருள் தமிழ் மண்ணுக்கே உரியது.

நோய் நீக்கத்திலும் தமிழ்க் கதைக்குத் தனிச்சிறப்பு உண்டு. சீவகன் உயிர்களைப் பற்றி எடுத்தான். அசுவினி தேவரும் அங்ஙனமே செய்தனர். தேரையரோ தொடவில்லை. தேரை விரும்புவது நீர் என உணர்ந்து நீரின் ஒலியைக் கேட்பித்தார். அது தானே நீங்கிற்று. பற்றி இழுத்தல் ஆசிரியரின் தயக்கத்தால் விலக்கப்பட்டது. இசைந்து நீங்குதல் மாணாக்கரின் நுண்ணறிவால் அமைந்தது. நெற்றியில் சுக்கு உரைத்துப் பற்றிடுதல், நொச்சியிலை இட்டு ஆவி பிடித்தல், நொச்சியைத் தலையணையில் பெய்து உறங்குதல் முதலாய நம் வீட்டு மருத்துவ முறைகளும் வலியை வலிந்து பறிப்பன அல்ல. தணிந்து நீங்குமாறு செய்வன.

5. ஆவணத்தில் காணும் நோயாளர்

மண்டையோட்டினைத் திறந்தால் வலி நீங்கும் என்னும் எண்ணம் கதையில் மட்டும் நிலவியதன்று. 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் வாழ்ந்த கான்வே சீமாட்டி ஆன் என்பார் (1631–1679) வரலாறு கடிதங்களாலும் மருத்துவக் குறிப்பாலும் அறியப்படுவது. பன்னிரண்டாம் வயதளவில் காய்ச்சலின் பின் தோன்றிய தலைவலி அவரை வாழ்நாள் முழுதும் விடவில்லை. குருதிச் சுழற்சியை விளக்கிய வில்லியம் ஆர்வி அவருக்கு மருத்துவம் பார்த்தார். மண்டையோட்டில் துளையிடலாம் என்னும் ஆலோசனை எழுந்தது. 1656இல் அதன்பொருட்டுப் பிரான்சு சென்றும் ஓடு திறக்கப்படவில்லை. 1666இல் தொட்டே நோய் தீர்ப்பவர் எனப் புகழ்பெற்ற வாலண்டைன் கிரேட்ரேக்சு அயர்லாந்தினின்றும் வரவழைக்கப்பட்டார், அவராலும் இயலவில்லை. தாமசு வில்லிசு 1672இல் வெளியிட்ட இலத்தீன் நூலில் பெயர் குறிப்பிடாமல் இவர் நோயை விரித்துரைத்துள்ளார். போசன் மருத்துவரை வெறுத்தான். இவ்வம்மையாரோ வலியினூடே மெய்ப்பொருளியல் நூல் ஒன்று எழுதினார். அஃது அவர் மறைந்தபின் 1690இல் வெளிவந்தது.

கதையின் மன்னனுக்குக் கிட்டியது இவர்க்குக் கிட்டவில்லை. கலத்தில் இட்டுக் காட்டத்தக்க தேரை எதுவும் இவர் தலையில் அகப்படவில்லை. உண்மை வாழ்வில் தலைநோயாளர் பெரும்பாலோர் நிலை இதுவே.

6. இக்கால அறிவு

மூளைத் திசு தானே வலி உணர்வதன்று. அதனைச் சூழ்ந்த சவ்வும் குருதிக்குழாய்களுமே, அவற்றோடு தொடர்புடைய முக்கிளை நரம்பின் வாயிலாக, வலியை உணர்த்துகின்றன என்பதை இன்றைய மருத்துவம் கண்டுள்ளது. நாடாப்புழுவின் இளநிலை மூளையில் தங்கித் தலைவலியும் வலிப்பும் விளைத்தல் உண்டு. ஆதலின் தலையுள் புழு என்பது முற்றும் வெறுங்கற்பனை அன்று. ஆயினும் ஒற்றைத் தலைவலிக்குப் புழு காரணம் அன்று. அதற்கெனவே அமைந்த சுமத்திரிப்டன் 1991இல் வழக்கிற்கு வந்தது. நரம்பினின்றும் வெளிப்படும் ஒரு சிறுபுரதமே வலியின் தூதாகும் என்னும் ஆய்வின் வழி, அதனைத் தடுக்கும் தடுப்பு மருந்து 2018இல் வந்தது. இவ்வாய்வு நிகழ்த்திய அறிஞர் நால்வர் 2021இல் மூளை ஆய்வுப் பரிசு பெற்றனர்.

இத்துணை வளர்ச்சிக்குப் பின்னும் நோயைத் துணியும் முறை பழையதே. அனைத்துலகத் தலைவலிக் கழகம் 1988இல் வெளியிட்ட பாகுபாடும், அதன்பின் திருத்தி வெளியிட்டனவும் நோயாளர் கூற்றையே அடிப்படையாகக் கொண்டன. குறைந்தது ஐந்து முறை வந்திருத்தல், நான்கு மணி முதல் எழுபத்திரண்டு மணி வரை நீடித்தல், ஒருபுறம் வலித்தல், துடித்தல், ஒளியும் ஒலியும் பொறாமை என்பன அதற்குக் குறிகள். இவற்றுள் ஒன்றேனும் படமெடுத்துக் காணத்தக்கதன்று, எல்லாம் கேட்டறிவனவே.

7. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், தேரையர் கதை அறுவை மருத்துவ வரலாற்றுக்கு வலிய சான்றாகாது என்பதும், தலைநோயாளரின் நிலைமைக்கு மிகச் சிறந்த சான்றாகும் என்பதும் பெறப்படும். கதையைக் கொண்டு முன்னோர் அறிவைப் பெருக்கிக் கூறுவதால் தமிழ்க்குப் பெருமை சேராது. புனைவென்று தள்ளுவதால் ஆராய்ச்சியும் வளராது. குடைச்சல் என்ற சொல்லை உண்டாக்கியோரும், அர்த்தாவபேதகத்தின் நாளெண்ணிக்கையை எழுதி வைத்தோரும், தேரையைக் கலத்துள் குதிக்கச் செய்தோரும் ஒரு செயலையே செய்தனர். பிறர் காண முடியாத வலியை உண்டென ஏற்றுக்கொண்டனர்.

சித்த மருத்துவச் சுவடிகளை ஆராயும் மாணவர் மருந்துப் பெயர்களோடு நோயின் குறிகுணங்களையும் தொகுத்தல் வேண்டும். அக்குறிகுணங்களில் மருத்துவர் குரல் மட்டுமன்றி, பெயரற்ற நோயாளர் பலரின் குரலும் பதிந்துள்ளது. வலியை உரைத்த அவர்தம் சொற்களைத் தேடித் தொகுத்து ஆராய்தல் தமிழாய்வாளர்க்கு உரிய கடனாகும்.