வளைக்கரமும் ஸ்பேனரும்

திருப்பூரின் காலைப் பொழுது பார்க்கத் தக்கது. நேரத்தோடு பனியன் கம்பெனிக்குப் போய்ச் சேர வேண்டும் என்னும் அவசரத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் சாலைகளில் விரைகின்றனர். நடந்து செல்வோர் உண்டு. கம்பெனி வண்டியில் ஏறுவோர் உண்டு. ஸ்கூட்டரைத் தாமே ஓட்டிச் செல்வோரும் ஏராளம். சேலை உடுத்தவர், சுரிதார் அணிந்தவர், புர்கா அணிந்தவர் எல்லாரும் அக்கூட்டத்தில் உளர். எவரும் எவரையும் திரும்பிப் பார்ப்பதில்லை.

அதே சாலையோரத்தில் ஒரு கார் பழுதாகி நிற்கட்டும். அதை ஓட்டி வந்த பெண்மணி பானெட்டைத் திறந்து, ஸ்பேனரும் கையுமாகக் குனியட்டும். ஐந்து நிமிடத்தில் ஒரு சிறு கூட்டம் சேர்ந்துவிடும். "ஏனுங்கம்மா, ஊட்டுல ஆம்பளைங்க யாரும் இல்லீங்களா?" என்று ஒருவர் கேட்பார். மற்றொருவர் கேளாமலேயே ஸ்பேனரை வாங்கிக் கொள்வார். அது உதவும் உள்ளம் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் அவ்விடத்தில் ஓர் ஆண்மகன் நின்றிருந்தால் அந்தக் கேள்வி எழுந்திராது என்பதையும் மறுப்பதற்கில்லை.

ஓட்டுவதற்கு இசைவு தந்த சமுதாயம், திறந்து பார்ப்பதற்கு மட்டும் ஏன் தயங்குகிறது? விடை தேடி வரலாற்றின் ஏடுகளைச் சற்றே புரட்டுவோம்.

முதற்பயணமும் முதற்பழுதும்

மோட்டார் காரின் நெடும்பயண வரலாறு ஒரு பெண்ணிடமிருந்தே தொடங்குகிறது. ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் தம் மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை பெற்றது 1886ஆம் ஆண்டில். அந்தத் தொழிலில் அவருடைய மனைவி பெர்த்தாவின் சீதனப் பணமும் கலந்திருந்தது. வண்டி உருவாகிவிட்டது; வாங்குவோரைத்தான் காணோம். 1888 ஆகஸ்டில் ஒரு நாள், கணவரிடம் சொல்லாமல், இரு மகன்களையும் ஏற்றிக்கொண்டு, மான்ஹைமிலிருந்து தம் தாய் வீடு இருந்த ஃபோர்ட்ஸ்ஹைமுக்குப் புறப்பட்டார் பெர்த்தா. நூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவு. அதுவரை எந்த மோட்டார் வண்டியும் அத்துணை தூரம் சென்றதில்லை.

வழியில் எரிபொருள் தீர்ந்தது. வீஸ்லோக் என்னும் ஊரின் மருந்துக் கடையில் அதனை வாங்கினார். எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டது. தொப்பியில் செருகியிருந்த ஊசியை எடுத்துக் குத்தி அடைப்பை நீக்கினார். மின்கம்பியின் உறை தேய்ந்து போயிற்று. காலுறையை இறுக்கும் நாடாவைச் சுற்றிச் சரி செய்தார். இறக்கங்களில் பிரேக் கட்டைகள் தேய்ந்தன. செருப்புத் தைப்பவரைக் கொண்டு அவற்றின்மேல் தோலை அறையச் செய்தார். மேடுகளில் வண்டி ஏற மறுத்தபோது பிள்ளைகள் இறங்கித் தள்ளினர். திரும்பி வந்ததும், ஏற்றங்களுக்கு இன்னும் ஒரு கியர் வேண்டும் என்று கணவரிடம் எடுத்துரைத்தார்.

பழுது பார்த்தவரும் அவரே. வண்டியின் அமைப்பில் மாற்றம் சொன்னவரும் அவரே. மோட்டார் பட்டறை என்று ஒன்று உலகில் தோன்றுவதற்கு முன்பே, ஒரு பெண்ணின் கை எஞ்சினைத் தொட்டுவிட்டது.

1909ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஆலிஸ் ராம்சே என்னும் 22 வயது மங்கை, கார் ஓட்டத் தெரியாத மூன்று தோழியருடன் நியூயார்க்கிலிருந்து சான்பிரான்சிஸ்கோ வரை 59 நாட்களில் ஓட்டிச் சென்றார். வழியில் டயர்களை மாற்றியதும் ஸ்பார்க் பிளக்குகளைச் சுத்தம் செய்ததும் அவரே. இரண்டாம் உலகப் போரின்போது, 1945இல், பின்னாளில் பிரிட்டிஷ் அரசியாக முடிசூடிய எலிசபெத், மகளிர் துணைப்படையில் சேர்ந்து ஓட்டுநராகவும் மெக்கானிக்காகவும் பயிற்சி பெற்றார். ஆண்கள் போர்முனைக்குப் போய்விட்ட காலம் அது. அன்று பெண்கள் எஞ்சினில் கைவைப்பது தேசத் தொண்டு எனப் போற்றப்பட்டது. போர் முடிந்ததும் அவர்களுள் பெரும்பாலோர் வீட்டுக்கு அனுப்பப்பட்டனர். தேவை வந்தபோது தடை விலகுகிறது. தேவை தீர்ந்தபோது தடை திரும்புகிறது. அப்படியானால் அது இயற்கை வகுத்த தடையாக இருக்க முடியுமா?

சென்னையில் அச்சேறிய கனவு

இது மேல்நாட்டுக் கதை, நமக்கென்ன என்று கருதுவோர்க்கு நம் சொந்த ஏட்டிலிருந்தே ஒரு பக்கத்தைக் காட்டுவோம். வங்கத்தில் பிறந்து, முஸ்லிம் பெண்களின் கல்விக்காகவே வாழ்ந்த பேகம் ருகையா சகாவத் ஹுசைன் ஆங்கிலத்தில் எழுதிய 'சுல்தானாவின் கனவு' என்னும் கதை, 1905ஆம் ஆண்டு சென்னையிலிருந்து வெளிவந்த ஒரு மகளிர் இதழில் அச்சேறியது. அக்கதையில் வரும் நாட்டில் ஆண்கள் வீட்டுக்குள் இருக்கின்றனர். பெண்கள் ஆராய்ச்சிக்கூடங்களை நடத்துகின்றனர், சூரிய வெப்பத்தைச் சேமிக்கின்றனர், மேகத்திலிருந்து நீரைப் பெறுகின்றனர்.

அதில் ஒரு காட்சி நம் பொருளுக்கு மிகவும் அணுக்கமானது. அரசியைக் காணப் புறப்படும் வேளையில், கதைத்தலைவியின் தோழி ஒரு சதுரப் பலகையை எடுத்து, அதில் இருக்கைகளைத் திருகாணி கொண்டு முடுக்கி, இரு வாயுக் கோளங்களைப் பொருத்தி, வானூர்தியைத் தம் கையாலேயே பூட்டி முடிக்கிறார். நம் நாட்டுச் சாலைகளில் மோட்டார் காரே அரிதாயிருந்த நாளில், தன் வாகனத்தைத் தானே பூட்டும் பெண்ணை ஒரு முஸ்லிம் பெண்மணி கற்பனை செய்தார். அதனைச் சென்னை வெளியிட்டது. அக்கதை அன்று நகைச்சுவையாகத் தோன்றியிருக்கக்கூடும். ஆனால் அந்த நகைப்பில் ஒரு முள் இருந்தது.

பனியன் நகரின் பாடம்

இனிக் கொங்கு நாட்டுக்கு வருவோம். இயந்திரத்தைத் திறந்து பார்ப்பவரைப் போற்றிய மண் இது. கோவையின் ஜி.டி. நாயுடு இளமையில் ஓர் ஆங்கில அதிகாரியின் மோட்டார் சைக்கிளை விலைக்கு வாங்கி, அக்கக்காகக் கழற்றிப் பார்த்துக் கற்றதை இங்குள்ளோர் இன்றும் பெருமையோடு பேசுவர். 1920இல் ஒரே ஒரு பேருந்துடன் தொழில் தொடங்கி, அதைத் தாமே ஓட்டி, பின்னர் பெரும் போக்குவரத்து நிறுவனமாக வளர்த்தவர் அவர். பையன் ஒருவன் வானொலிப் பெட்டியைக் கழற்றினால், "நாளைக்கு ஜி.டி. நாயுடு ஆவான்" என்று தட்டிக் கொடுப்போம். மகள் கழற்றினால்? "உனக்கெதுக்கு இந்த வேலை?" என்றுதான் கேட்டிருப்போம்.

திருப்பூரின் பின்னலாடைத் தொழிலுக்கு வித்திட்டவர் ஒரு முஸ்லிம் பெருமகன் என்பது நம் வாசகர் பலர் அறிந்ததே. 1925ஆம் ஆண்டு குலாம் காதர் அவர்கள் தொடங்கிய 'பேபி நிட்டிங்' இவ்வூரின் முதற் பனியன் கம்பெனி என்பர். தொடக்கத்தில் கையால் சுழற்றும் இயந்திரங்கள்; 1930களில் பைக்காரா மின்சாரம் வந்த பின்னர் தொழில் வேகம் கொண்டது.

அந்தத் தொழிலில் யாருக்கு எந்த வேலை? நிட்டிங் மிஷினை ஓட்டியவர் ஆண். அதன் ஊசியை மாற்றிச் சீர் செய்த ஃபிட்டர் ஆண். துணி வெட்டிய கட்டிங் மாஸ்டர் ஆண். பவர் டேபிளில் அமர்ந்த டெய்லரும் ஆணே. பெண்ணுக்குக் கிடைத்தவை கைமடித்தல், பிசிறு வெட்டுதல், செக்கிங், மடித்து அடுக்குதல் ஆகியவை. கூலியும் அதற்கேற்பக் குறைவு. 1984இல் பஞ்சப்படி கேட்டு 127 நாட்கள் நடந்த பெரும் வேலைநிறுத்தத்துக்குப் பின், ஏற்றுமதி பெருகிய ஆண்டுகளில்தான் பெண்கள் பெருவாரியாகத் தையல் மிஷின்முன் அமர்ந்தனர். "பெண்ணால் பவர் டேபிள் ஓட்ட முடியாது" என்னும் பேச்சு, ஆள் தேவைப்பட்டவுடன் காற்றில் பறந்தது. போர்க்கால ஐரோப்பாவில் கண்ட அதே கதை!

ஆனால் ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். ஓவர்லாக் மிஷினில் நாள் முழுதும் தைப்பவர் பெண். அது நின்றுவிட்டால் அழைக்கப்படுபவரோ பெரும்பாலும் ஆண் மெக்கானிக். தொழிலாளியாக நுழைந்து முதலாளியாக உயர்ந்த ஆண்கள் பலர் இவ்வூரில் உண்டு. ஷாரத் சாரி என்னும் அறிஞர் திருப்பூரை ஆராய்ந்து 2004இல் வெளியிட்ட நூலில், அவர்கள் தம் உயர்வுக்குத் தம் உழைப்பையே காரணமாகச் சொல்வதையும், அதே வழியில் பெண் தொழிலாளர் உயர முடியாமற் போனதையும் விளக்குகிறார். மிஷினை அறிந்தவன் பழைய மிஷினை வாங்கினான், பழுது பார்த்தான், தனிக் கம்பெனி வைத்தான். மிஷினை ஓட்ட மட்டும் அறிந்தவள் ஓட்டிக்கொண்டே இருந்தாள். ஸ்பேனர் வெறும் இரும்பன்று. அது உயர்வுக்கு ஒரு படி. அந்தப் படியில் பெண் கால் வைப்பதைக் கண்டுதான் நாம் முகம் சுளிக்கிறோம்.

கார்ப் பட்டறையிலும் இதே நிலைதான். அங்கே பள்ளிக்கூடம் இல்லை, பாடநூல் இல்லை. சிறு வயதில் எடுபிடியாய்ச் சேர்ந்து, திட்டும் குட்டும் வாங்கி, கிரீஸ் படிந்த கையோடு வளர்ந்தவனே மெக்கானிக் ஆனான். எந்த வீட்டிலும் மகளை அங்கே அனுப்பியதில்லை. சட்டம் தடுக்கவில்லை, வழிதான் இல்லை. வழி இல்லாததைத் திறமை இல்லாததாக நாம் மாற்றிப் பேசிவந்தோம்.

திறமை இல்லை என்பது உண்மையானால், நம் வீட்டுத் தையல் மிஷினைப் பாருங்கள். பாபின் பெட்டியைக் கழற்றித் தூசு நீக்கி, திருப்புளியால் நூலின் இறுக்கத்தைச் சரி செய்து, துளித்துளியாக எண்ணெய் விடுபவர் யார்? நம் அன்னையரும் பாட்டியரும் அல்லவா? அந்தத் திருப்புளி காரின் பக்கம் போனவுடன் மட்டும் அது ஆணின் கருவியாகிவிடுமா?

புதுக்கோட்டை காட்டிய வழி

ஏளனம் எத்தனை நாள் நிற்கும் என்பதற்குத் தமிழகமே சான்று வைத்திருக்கிறது. 1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் எழுத்தறிவோடு சைக்கிளையும் சேர்த்துக் கொடுத்தார். ஒன்றரை ஆண்டுக் காலத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமப் பெண்கள் சைக்கிள் கற்றனர் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவு செய்கிறார். கல்லுடைக்கும் பெண்கள், விவசாயக் கூலிகள், ஆசிரியைகள், அவர்களுடன் முஸ்லிம் சகோதரியரும் பலர். முதலில் வசைச்சொற்கள் பறந்தன. பெண்களுக்கான சைக்கிள் போதாமற் போகவே ஆண்களின் சைக்கிளையே எடுத்துக்கொண்டனர். நடுக்கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்பதனால் அதுவே வசதி என்றும் கண்டனர். சில ஆண்டுகளில் வசைபாடிய வாய்கள் ஓய்ந்தன. சைக்கிள் வீட்டுப் பொருளாயிற்று.

1993இல் வசந்தகுமாரி கன்னியாகுமரி மாவட்டத்தில் அரசுப் பேருந்தின் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்தார். சென்னையின் அலிஷா அப்துல்லா, மோட்டார் சைக்கிள் பந்தய வீரரான தம் தந்தையின் வழியில் காரிலும் மோட்டார் சைக்கிளிலும் பந்தயக் களம் கண்டார். நம் குடும்பங்கள் பலவற்றுக்குப் பிழைப்பளித்த சவூதி அரேபியாவில், 1990 நவம்பரில் ரியாத் வீதிகளில் கார் ஓட்டிய 47 பெண்கள் தண்டனைக்கு ஆளாயினர். 2018 ஜூன் 24 அன்று அந்நாடே பெண்களுக்குச் சாலையைத் திறந்துவிட்டது. இடைப்பட்ட 28 ஆண்டுகளில் மாறியது மார்க்கம் அன்று, மனிதரின் மனமே.

நாணமும் தேவையும்

"எல்லாம் சரி; நாணம் என்று ஒன்று உண்டல்லவா? நடுச்சாலையில் நின்று பெண் வண்டியைக் கழற்றலாமா?" என்று கேட்கும் பெரியவர்களை நாம் மதிக்கிறோம். அவர்களிடம் பணிவோடு ஒன்றைக் கேட்போம். இரவு நேரம், ஆளரவமற்ற சாலை, டயர் பஞ்சர். ஜாக்கி வைத்து, நட்டைக் கழற்றி, மாற்றுச் சக்கரத்தைப் பூட்டிக்கொண்டு வீடு திரும்புபவள் நாணத்தைக் காத்தவளா? அறிமுகமற்ற ஆடவர் எவரேனும் வருவாரா என்று காத்து நிற்பவள் காத்தவளா? வேலை அறிந்த கை பெண்ணுக்கு ஒரு திரை. அறியாமையே அவளை வெளியில் நிறுத்துகிறது.

கைத்தொழில் நம் மார்க்கத்தில் இழிவாக எண்ணப்பட்டதும் இல்லை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் துணைவியார் அன்னை ஜைனப் (ரலி) அவர்கள் தம் கரங்களால் தோலைப் பதனிட்டுத் தைத்து, வந்த வருவாயை ஏழைகளுக்கு வழங்கியதை வரலாறு கூறுகிறது. தோல் பதனிடுவதைவிடவா கிரீஸ் அழுக்கானது?

வண்டியை விருப்பம்போல் மாற்றியமைக்க இறங்குவோர்க்கு ஓர் எச்சரிக்கையும் உண்டு. பதிவான அமைப்பை மாற்றுவதற்கு மோட்டார் வாகனச் சட்டம் வரம்பு விதித்துள்ளது. 2019இல் உச்ச நீதிமன்றமும் அதனை வலியுறுத்தியது. ஆனால் அந்த வரம்பு ஆண், பெண் என்று பாகுபடுத்தவில்லை. சட்டம் பார்க்காத வேற்றுமையைச் சமுதாயம் மட்டும் ஏன் பார்க்க வேண்டும்?

புது வண்டி வாங்கியதும் மகளிடம் சாவியைக் கொடுத்து மகிழும் அத்தாக்கள் இன்று திருப்பூரில் பலர். சாவியோடு கருவிப்பையையும் அவள் கையில் கொடுங்கள். ஆயிலை எப்படிப் பார்ப்பது, பேட்டரி முனையை எப்படித் துடைப்பது, சக்கரத்தை எப்படிக் கழற்றுவது என்று ஒரு விடுமுறை நாளில் அருகில் நின்று சொல்லிக் கொடுங்கள். உங்களுக்கே தெரியாவிட்டால் இருவரும் சேர்ந்து கற்றுக்கொள்ளுங்கள். பிறகு ஒரு நாள் சாலையோரத்தில் அவள் பானெட்டைத் திறந்து நிற்கும்போது, இன்ஷா அல்லாஹ், கூட்டம் கூடாது. கூடினாலும், அவள் கையிலிருக்கும் ஸ்பேனரைப் பிடுங்க எவரும் கை நீட்டமாட்டார்.