பாய்மரம் முதல் பசுமைக் கடல்வழி வரை

வந்தவாசிப் பக்கம் ஒரு சமணக் குடும்பத்தில் பிறந்தவன் நான். கடலுக்கும் எங்கள் ஊருக்கும் சம்பந்தமில்லை. பிழைப்புத் தேடி வந்த காந்திதாமில் மரவாடி வைத்தேன். முப்பத்தைந்து வருஷமாகக் காண்ட்லாவில் இறங்கும் மரத்தால்தான் என் வீட்டில் உலை கொதிக்கிறது. கடை கட்டிய பிறகு இரவில் படித்துத் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். பிழையிருந்தால் அறிஞர்கள் பொறுத்தருள வேண்டும்.

புகையில்லாக் கப்பல் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, தூத்துக்குடிக்காரரான கப்பல் ஏஜெண்ட் நண்பர் கேட்டார்: "அண்ணாச்சி, எரிபொருள் கிடைக்காத துறைமுகத்துக்கு எவன் கப்பல் விடுவான்? கப்பல் வராத துறைமுகத்தில் எவன் எரிபொருள் தொட்டி கட்டுவான்?" நியாயமான கேள்விதான். இதற்குச் சரித்திரத்தில் விடை இருக்கிறது.

காற்றை நம்பிய காலத்தில் இந்தச் சிக்கல் இல்லை. கச்சு மாண்டவியில் கட்டிய மரக்கலங்கள் பருவக்காற்றில் அரபுக் கரைக்கும் ஆப்பிரிக்கக் கரைக்கும் போய்வந்தன. தூத்துக்குடித் தோணிகள் பாய் விரித்துக் கொழும்புக்குச் சரக்கு கொண்டுபோயின. நீராவிக் கப்பல் வந்ததும் நிலைமை மாறியது. வழியில் நிலக்கரி கிடைக்காவிட்டால் அதனால் நெடுந்தூரம் போக முடியாது. 1839இல் ஆங்கிலேயர் ஏடனைக் கைப்பற்றியதற்கு முக்கியக் காரணங்களுள் ஒன்று, பம்பாய்க்கும் சூயஸுக்கும் இடையே கரி ஏற்ற ஓர் இடம் வேண்டும் என்பது. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தபின் அந்த வழி நீராவிக் கப்பலுக்கே வசமாயிற்று. 1906இல் வ.உ.சி. தொடங்கிய சுதேசி நாவாய்ச் சங்கம், 'காலியா', 'லாவோ' என்ற கப்பல்களை வாங்கியதும் அந்த நீராவி யுகத்தில்தான்.

1912இல் 'செலாண்டியா' என்ற டீசல் எஞ்சின் கப்பல் கோபன்ஹேகனிலிருந்து பாங்காக் வரை போய்க் காட்டியது. ஆனாலும் கரி ஒரே நாளில் ஒழிந்துவிடவில்லை. துறைமுகம் துறைமுகமாக எண்ணெய்த் தொட்டிகள் எழுந்த பிறகே எண்ணெய்க் காலம் முழுமையாக வந்தது.

இன்று மூன்றாவது மாற்றம் தேவைப்படுகிறது. உலகில் மனிதர் வெளியேற்றும் வெப்ப வாயுக்களில் ஏறத்தாழ 3 சதவீதம் கப்பல்களுடையது. 2050 வாக்கில் இதை நிகரச் சுழியமாக்க வேண்டும் என்று 2023இல் சர்வதேசக் கடல்சார் அமைப்பு இலக்கு வைத்தது. அதற்கான கட்டண விதிகள் மீதான முடிவோ 2025 அக்டோபரில் ஓராண்டு தள்ளிப்போடப்பட்டது.

மாற்று எரிபொருள்களில் ஒன்று பசுமை மெத்தனால். காற்றாலை, சூரிய மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுத்து, அதோடு கரியமில வாயுவைச் சேர்த்து இதைத் தயாரிக்கலாம். ஒரு குறை: கப்பல் எண்ணெய் தரும் அதே சக்திக்கு ஏறத்தாழ இரண்டரை மடங்கு கொள்ளளவு வேண்டும். ஆகவே தொட்டி பெரிதாக வேண்டும், அல்லது அடிக்கடி நிரப்ப வேண்டும். அதனால் துறைமுகத்தின் பொறுப்பு இன்னும் கூடுகிறது.

எல்லாத் துறைமுகமும் ஒரே சமயத்தில் மாற முடியாது. குறிப்பிட்ட இரண்டு துறைமுகங்கள் கைகோத்து, அந்த ஒரு வழியில் மட்டும் எரிபொருள், கப்பல், சரக்கு மூன்றையும் உறுதி செய்துகொள்ளலாமே! இதுதான் பசுமைக் கடல்வழி. 2021இல் கிளாஸ்கோ மாநாட்டில் கிளைடுபேங்க் பிரகடனம் இதற்கு வித்திட்டது. 2022இல் சிங்கப்பூரும் ராட்டர்டாமும் ஒப்பந்தம் செய்தன. 2023இல் 'லாரா மெர்ஸ்க்' என்ற கப்பல் கொரியாவின் உல்சானிலிருந்து புறப்பட்டு, சிங்கப்பூர் முதலிய இடங்களில் மெத்தனால் நிரப்பிக்கொண்டு, கோபன்ஹேகன் சேர்ந்தது. 'செலாண்டியா' கிளம்பிய அதே ஊர்!

நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி, காண்ட்லா–தூத்துக்குடிக் கடற்கரை வழியும் இவ்வகையில் திட்டமிடப்பட்டிருப்பதுதான். 2025 ஜூலையில் காண்ட்லாவில் 1 மெகாவாட் பசுமை ஹைட்ரஜன் ஆலை இயங்கத் தொடங்கியது. செப்டம்பரில் தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்தில் சிறிய ஹைட்ரஜன் ஆலை திறக்கப்பட்டதுடன், 750 கன மீட்டர் மெத்தனால் நிரப்பு நிலையத்துக்கு அடிக்கல்லும் நாட்டப்பட்டது. இரண்டு ஊரிலும் காற்றுக்கும் வெயிலுக்கும் பஞ்சமில்லை.

வியாபாரி என்ற முறையில் எனக்கொரு கவலையும் உண்டு. பசுமை எரிபொருளின் விலை அதிகம். கூடுதல் செலவைக் கப்பல்காரர் சுமப்பாரா, சரக்குக்காரர் சுமப்பாரா? துறைமுகக் கட்டணத்தில் சலுகை, நீண்டகாலச் சரக்கு ஒப்பந்தம், அரசின் கைகொடுப்பு எல்லாம் சேர்ந்தால்தான் இது நிற்கும். என் கடைக்கு வரும் மரத்துக்குக் கொஞ்சம் கூடுதல் கூலி கேட்டால் நானும் முதலில் முகம் சுளிப்பேன், மறைப்பானேன்?

ஆனால் 1998 ஜூன் 9ஆம் தேதியை நினைத்துக்கொள்வேன். அன்று அடித்த புயலில் குஜராத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். காண்ட்லாப் பக்கம் உப்பளத் தொழிலாளர்கள் கூட்டங்கூட்டமாகக் கடலோடு போனார்கள். அந்தப் புயலுக்குக் கப்பல் புகைதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். கடல் சூடேறினால் புயல் வலுக்கும், கடல்மட்டம் உயர்ந்தால் அலை இன்னும் உள்ளே வரும் என்று விஞ்ஞானிகள் சொல்வதை மட்டும், அந்தப் பிணங்களைப் பார்த்தவனால் ஒதுக்க முடியவில்லை. அதோடு ஒப்பிட்டால் கூடுதல் கூலி பெரிய தொகை இல்லை.

நண்பருக்கு நான் சொன்ன பதில் இதுதான்: "ஏடனில் கரி குவித்தார்கள், கப்பல் வந்தது. முதலில் தொட்டியைக் கட்டட்டும் தம்பி."