பால்மாவும் பிள்ளை மடுவமும்: சப்ரகமுவத் தோட்டங்களில் சிசு போஷணையின் வரலாறு

தாய்ப்பாலுக்கும் புட்டிப்பாலுக்கும் உள்ள தாரதம்மியத்தை வைத்திய சாஸ்திரம் ஐயந்திரிபற நிர்ணயித்துவிட்டது. ஆயினும், இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டங்களில் எந்தக் குழந்தைக்கு எந்தப் பால் கிடைத்தது என்பதைத் தீர்மானித்தவை, கொழுந்து மலைக்கும் பிள்ளை மடுவத்துக்கும் இடைப்பட்ட தூரமும், பிரட்டு என்னும் காலைப் பேர்ப்பதிவு முதல் அந்தி நிறுவை வரை தாயின் பொழுதை ஆண்ட நிர்வாகமுமே என்பது இக்கட்டுரையின் துணிபு.

கோப்பிக் காலத்தில், அறுவடைப் பருவத்துக்கு வந்து பெரும்பாலும் ஊர் திரும்பிவிட்ட ஆடவரே மிகுதியாதலால், சிசு போஷணை ஒரு பிரச்சினையாகத் தோட்டத்துரைமாரின் கண்ணிற் படவில்லை. 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தபின், ஆண்டு முழுவதும் கொழுந்து ஈயும் தேயிலை வந்தது. பெண்களின் கை அதற்கு இன்றியமையாததாயிற்று. குடும்பங்கள் லயங்கள் என்னும் வரிசை வீடுகளில் நிலைத்தன. 1876இல் ஹேனரத்கொடையில் நடப்பட்ட ரப்பர், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் களனிப் பள்ளத்தாக்கின் வழியே யட்டியந்தோட்டை, தெரணியகலைப் பகுதிகளில் பரவியது. வெயில் ஏறினால் மரத்தில் பால் வற்றிவிடுமாகையால், பால்வெட்டும் தாய் விடியலிலேயே குழந்தையை விட்டுப் பிரிய நேர்ந்தது.

இப்பிரிவுக்கு ஈடாக அமைந்ததே பிள்ளை மடுவம். விட்டத்தில் வரிசையாகத் தொங்கும் பழஞ்சேலைத் தொட்டில்களும், அவற்றை மாறி மாறி ஆட்டிக்கொண்டு ஆயாவாக அமர்ந்திருக்கும் ஒரு மூதாட்டியுமே அதன் பழைய உருவம். தாய் இடையில் இறங்கி வந்து பால் கொடுத்துவிட்டு மீண்டும் மலையேறவேண்டும். ஏறி இறங்கும் நேரத்தில் கூடைக்குள் கொழுந்து சேராது. நிறை குறைந்தாலோ அரைப்பேர், அதாவது அரைநாட் கூலிதான் விழும். மார்பில் பால் கட்டி நோகும்போதும் நிரையை விட்டு நகரத் தயங்கியவளை அறியாமையுடையவள் என்று எழுதிய கனவான்கள், அந்தப் பேர்க் கணக்கை ஒருமுறையேனும் புரட்டிப் பார்த்திருக்கலாம்.

புட்டிப்பாலின் கதை வேறிடத்தில் தொடங்கியது: ஐரோப்பாவில் 1860களில் லீபிக்கும் ஹென்றி நெஸ்லேயும் குழந்தை உணவுகளை உருவாக்கி விற்பனைக்குக் கொணர்ந்தனர். டின் பாலோ அதற்குச் சற்று முன்னரே பிறந்து, குடியேற்ற நாடுகளின் கடைத்தெருக்களுக்கும் வந்து சேர்ந்தது. சீனி மிகுந்து, சத்துக் குறைந்த அந்தப் பாலைக் குழந்தைகளுக்கு ஊட்டுவதைக் கண்டித்து, வைத்தியர் சிசிலி வில்லியம்ஸ் 1939இல் சிங்கப்பூர் ரோட்டரி கழகத்தில் 'பாலும் கொலையும்' என்னும் தலைப்பில் உரையாற்றினார். இலங்கையில் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டதும் அதே ஆண்டில்தான். ஒன்று பண்டத்தைக் கண்டித்தது. மற்றது தாயின் ஓய்வை உரிமையாக்கியது. இரண்டாவதே தோட்டத்துக்கு அதிகம் வேண்டியிருந்தது என்பது என் அபிப்பிராயம்.

பசும்பாலில் நூற்றுக்கு மூன்று பங்குக்கு மேலுள்ள புரதம் தாய்ப்பாலில் ஏறத்தாழ ஒரு பங்கே. புரதம் மிகுந்தால் சிசுவின் இளஞ் சிறுநீரகத்துக்கு அது சுமையாகும். இக்காலப் பால்மா இவ்விகிதத்தை ஓரளவு ஒத்துச் செய்யப்படுகிறது என்பதையும், தாயை இழந்த குழந்தைக்கு அது உயிர்காக்கும் என்பதையும் மறுப்பதற்கில்லை. ஆனால் சீம்பாலிலுள்ள நோயெதிர்ப்புப் பொருள்களை எந்த ஆலையும் டின்னில் அடைத்ததில்லை. மேலும், மாவில் கிருமி இருக்கக்கூடுமாதலால், கொதித்து ஆறி 70 பாகை செல்சியசுக்குக் குறையாத நீரிலேயே அதைக் கரைக்கவேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் விதி. பொதுக்குழாயில் நீர் பிடித்து, ஈரவிறகை ஊதியெரித்து, ஒவ்வொரு வேளையும் புட்டியைக் கொதிக்கவைப்பது லயக்காம்பராவில் எளிதன்று. சம்பளத்துக்கு முன் மா தீர்ந்துவிட்டால், ஒரு கரண்டி குறைத்துக் கரைப்பதும் நடக்கும்.

1981இல் உலக சுகாதாரப் பேரவை, தாய்ப்பால் மாற்றுணவு விற்பனைக் கோவையை 118 வாக்குகளால் நிறைவேற்றியது. எதிர்த்தது அமெரிக்கா ஒன்றே. இலங்கை அக்கோவையை விரைந்து ஏற்றுக்கொண்டது. 2016ஆம் ஆண்டின் தேசியக் கணிப்பின்படி, ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளுள் நூற்றுக்கு 82 பேர் தாய்ப்பால் மட்டுமே அருந்தினர். மருத்துவமாதுகள் வீடுவீடாக நடந்து ஈட்டிய பெருமை அதில் பெரும்பங்கு.

விளம்பரத்தை அடக்கிய அளவுக்கு வேலைநேரத்தை அரசு அடக்கியதா என்பதுதான் ஐயம். கட்டளைச் சட்டத்தின் பிற்காலத் திருத்தமொன்று, ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் தாய்க்கு நாளொன்றில் இருமுறை பாலூட்டும் இடைவேளை வழங்கிற்று: பிள்ளை மடுவம் உண்டாயின் அரைமணி, இன்றேல் ஒருமணி. மேல்மலையிலிருந்து இறங்கி ஏறவே அரைமணி போதாத தோட்டத்தில், மடுவம் இருப்பதே தாயின் நேரத்தைப் பாதியாக்கும் விசித்திரத்தைச் சட்டம் கண்டுகொள்ளவில்லை. அன்றியும், இரு பிள்ளைகள் உள்ளவளுக்கு அடுத்த பிரசவத்தில் 84 நாளன்றி 42 நாளே விடுமுறை என்ற பேதம் 2018வரை நீடித்தது. அதிலும் இரு வாரங்கள் பிரசவத்துக்கு முற்பட்டவையாகையால், மூன்றாம் பிள்ளைக்காரி நான்கு வாரக் குழந்தையை மடுவத்தில் விட்டு மலையேறினாள். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே கொடுக்கவேண்டும் என்று சுகாதாரப் பகுதி அவளுக்கு உபதேசித்ததும் அதே காலத்தில்தான்.

இப்பொழுது மலையை விட்டுக் கொழும்பின் ஆடைத்தொழிற்சாலைக்கோ மத்திய கிழக்கின் வீட்டுவேலைக்கோ செல்லும் தாய்மாரின் குழந்தைகள் லயத்தில் பாட்டிமாரிடம் வளர்கின்றன. அத்தூரத்திலிருந்து வந்து பாலூட்ட எந்தச் சட்டத்தின் இடைவேளையும் போதாது; பால்மா, பலாங்கொடையின் எந்தக் கடையிலும் உண்டு.