என்ஜின் டிரபிள் (மால்குடி டேஸ்)

என்ஜின் டிரபிள் என்பது ஆர். கே. நாராயண் ஆங்கிலத்தில் எழுதிய சிறுகதையும், அதை அடிப்படையாகக் கொண்டு மால்குடி டேஸ் தொலைக்காட்சித் தொடரில் இடம்பெற்ற அத்தியாயமும் ஆகும். ஆசைப்பட்டு வாங்கிய பரிசுச் சீட்டால் ஒருவருக்கு ரோடு என்ஜின் ஒன்று பரிசாக விழுவதும், அப்பரிசே அவருக்குப் பெருந்தொல்லையாக மாறுவதும் இதன் கதை.

பின்னணி

சென்னையில் பிறந்த ஆர். கே. நாராயண் (1906–2001), மால்குடி என்னும் கற்பனை ஊரைக் களமாகக் கொண்டு பல புதினங்களையும் சிறுகதைகளையும் எழுதினார். இக்கதை அவருடைய 'அன் அஸ்ட்ராலஜர்ஸ் டே' தொகுப்பில் இடம்பெற்றது. பின்னர் 1982 இல் வெளிவந்த 'மால்குடி டேஸ்' தொகுப்பிலும் சேர்க்கப்பட்டது. ஊரில் எல்லோரிடமும் கதை சொல்லும் 'வாயாடி மனிதர்' என்ற பாத்திரம், தன் அனுபவமாக இதைக் கூறுகிறது.

கதைச் சுருக்கம்

*இப்பகுதியில் கதையின் முடிவு கூறப்படுகிறது. கீழுள்ளது மூலச் சிறுகதையின் சுருக்கம்.*

மால்குடியின் ஜிம்கானா மைதானத்திற்குக் கேளிக்கைக் காட்சி ஒன்று வருகிறது. எட்டணா கொடுத்துச் சீட்டு வாங்கினால் குண்டூசித் திண்டு முதல் தையல் எந்திரம் வரை ஏதேனும் ஒன்று கிடைக்கலாம். கதைசொல்லியின் 1005 ஆம் எண் சீட்டுக்கு ரோடு என்ஜின் விழுகிறது.

காட்சி முடிந்து கடைக்காரர்கள் போனபின் என்ஜின் மைதானத்திலேயே நிற்கிறது. நகராட்சி மாதம் பத்து ரூபாய் வாடகை கேட்கிறது. அதை விற்க அவர் எடுக்கும் முயற்சிகள் பலிக்கவில்லை. கோயில் யானையை வாடகைக்கு அமர்த்தி, ஐம்பது கூலியாட்களைத் தள்ள வைத்து, வேலையிழந்த பேருந்து ஓட்டுநர் ஒருவரை ஓட்டச் செய்து அதை நகர்த்த முயல்கிறார். என்ஜின் தடம் மாறி ஒரு வீட்டின் மதிற்சுவரை இடித்துவிடுகிறது. செலவும் வழக்கும் சேர்ந்துகொள்ள, மனைவி பிறந்தகம் செல்கிறார்.

மார்பின் மீது என்ஜினை ஏற்றிக்காட்டுவதாகச் சொல்லும் சாமியார் ஒருவர் வருகிறார். என்ஜினை ஓட்ட ஆளும் கிடைத்துவிட்ட வேளையில் அந்நிகழ்ச்சிக்குத் தடையாணை வருகிறது. இறுதியில் ஒரு நிலநடுக்கத்தில் என்ஜின் இடம்பெயர்ந்து, பாழுங்கிணறு ஒன்றில் விழுந்து அதை அடைத்துவிடுகிறது. கிணற்றை மூடும்படி நகராட்சி தொடர்ந்து அறிவிக்கை அனுப்பிவந்ததால், செலவுக்கு அஞ்சியிருந்த அதன் உரிமையாளர் மகிழ்ந்து கதைசொல்லியின் கடன்களையும் தீர்த்துவைக்கிறார்.

கருப்பொருள்

ஒரு பொருளைப் பெறுவதும் அதை வைத்துக் காப்பதும் வேறு வேறு என்பதே கதையின் மையம். ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா என்பதால், ஒரு மாத வாடகை மட்டுமே இருபது சீட்டுகளின் விலைக்குச் சமம். 'யானையைக் கட்டித் தீனி போடுவது' என்னும் தமிழ் வழக்கு இந்நிலைக்கு நன்கு பொருந்தும். கதைசொல்லியின் அறிவோ உழைப்போ அவரை மீட்கவில்லை. பரிசைத் தந்த அதே தற்செயலே அதை எடுத்தும் கொள்கிறது.

தொலைக்காட்சித் தொடர்

மால்குடி டேஸ் தொடர் தூர்தர்ஷனில் 1986 முதல் ஒளிபரப்பானது. கன்னட நடிகரும் இயக்குநருமான சங்கர் நாக் இயக்க, டி. எஸ். நரசிம்மன் தயாரித்தார். தமிழ்த் திரையிசையமைப்பாளர் எல். வைத்தியநாதன் இசையமைத்தார். நாராயணின் தம்பியும் கேலிச்சித்திரக் கலைஞருமான ஆர். கே. லட்சுமணின் ஓவியங்கள் தொடரில் பயன்படுத்தப்பட்டன. படப்பிடிப்பு பெரும்பாலும் கர்நாடகத்தின் ஆகும்பேயில் நடைபெற்றது. சங்கர் நாக் 1990 இல் காலமானார். 2006 இல் கவிதா லங்கேஷ் இயக்கத்தில் மேலும் சில அத்தியாயங்கள் வெளிவந்தன.

ஒத்த கதைகள்

விரும்பியது கிடைத்துத் துன்பம் தரும் கதைகள் பல நாடுகளில் உண்டு. டபிள்யூ. டபிள்யூ. ஜேக்கப்ஸ் எழுதிய 'தி மங்கீஸ் பா' (1902) கதையில், பணம் வேண்டிய பெற்றோருக்கு மகன் இறந்ததற்கான ஈட்டுத்தொகையாக அது வந்து சேர்கிறது. அமெரிக்கத் தொடரான 'தி டுவைலைட் ஸோன்' 1960 அக்டோபர் 7 அன்று ஒளிபரப்பிய 'தி மேன் இன் தி பாட்டில்' அத்தியாயத்தில், பூதத்திடம் பத்து இலட்சம் டாலர் கேட்ட கடைக்காரருக்குத் தானமும் வரியும் போக ஐந்து டாலரே மிஞ்சுகிறது. பதவியிலிருந்து நீக்கப்பட முடியாத ஆட்சியாளராக விரும்பும் அவர், இறுதி நாட்களில் பதுங்கியிருக்கும் இட்லராக மாறுகிறார். இவ்விரண்டிலும் மாயசக்தியே தீங்கிற்குக் காரணம். நாராயணின் கதையில் மாயம் எதுவும் இல்லை. நகராட்சி வாடகையும் மதிற்சுவர் வழக்கும் அந்த வேலையைச் செய்கின்றன.