சும்மா ஓடவில்லை அந்த வண்டி

எங்கள் வீட்டில் முன்பு மாட்டுக்கொட்டகை இருந்த இடத்தில் இப்போது ஒரு பழைய புல்லட் நிற்கிறது. இரண்டு மாதத்துக்கு ஒருவராவது அதை விலைக்குக் கேட்டு வருகிறார். எல்லாம் இளவட்டங்கள். வருகிறவர்கள் ஒரே வசனத்தைத்தான் சொல்கிறார்கள்: "அந்தக் காலத்து வண்டி சார், இரும்பு. ஒண்ணுமே ஆகாது." நான் காபி கொடுத்து அனுப்பிவிடுவேன். ஒன்றும் ஆகாத வண்டியாக அது ஒரு நாளும் இருந்ததில்லை. நன்றாகவே ஆகும். எனக்கு ஆகியிருக்கிறது. அந்தக் கதையையும் அந்த வண்டியின் பூர்வீகத்தையும் சேர்த்து எழுதிவைக்கலாம் என்று இன்று உட்கார்ந்தேன்.

இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊரில் இருந்த ராயல் என்ஃபீல்டு கம்பெனி 1932இல் முதன்முதலாகப் புல்லட் என்ற பெயரை வைத்தது. நாம் பார்த்துப் பழகிய புல்லட்டின் நேர் மூதாதை 1948இல் வந்தது. அதன் புதுமை பின்சக்கரத்தில் இருந்தது. அதுவரை பெரும்பாலான வண்டிகளில் பின்சக்கரம் சட்டத்தோடு விறைப்பாகப் பிணைந்திருக்கும். இதில் அது மேலும் கீழும் ஆட இடம் கொடுத்து, இரண்டு பக்கமும் ஷாக் அப்சார்பர் வைத்தார்கள். அதை முதலில் பரீட்சித்ததும் நல்ல சாலையில் அல்ல. சேறும் பாறையும் நிறைந்த காட்டுப் போட்டிகளில். அதே ஆண்டு இத்தாலியில் நடந்த சர்வதேச ஆறு நாள் போட்டியில் வென்ற பிரிட்டிஷ் அணியில் புல்லட் ஓட்டியவர்களும் இருந்தார்கள். ரோட்டுக்கும் காட்டுக்கும் பொதுவான வண்டி என்று இன்று தனி ரகமாக விற்கிறார்களே, அந்தக் குணம் புல்லட்டுக்குப் பிறப்பிலேயே உண்டு.

நம் ராணுவத்துக்கு அது பிடித்துப்போனதற்கும் அதுதான் காரணமாக இருக்க வேண்டும். 1952இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்துக்கு ராணுவத்தின் ஆர்டர் வந்தது. 1955இல் என்ஃபீல்டு இந்தியா உருவானது. அடுத்த ஆண்டு திருவொற்றியூரில் தொழிற்சாலை திறந்தார்கள். தியாகராஜர் கோயிலும் பட்டினத்தார் சமாதியும் இருக்கும் அதே திருவொற்றியூர்தான். இங்கிலாந்திலிருந்து பாகங்களாகக் கப்பலில் வந்ததை இங்கே பூட்டினார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் பூட்டியவை 163 வண்டிகள். 1960களின் தொடக்கத்தில் எல்லாப் பாகங்களையும் இங்கேயே செய்ய ஆரம்பித்துவிட்டார்கள். ரெட்டிச் தொழிற்சாலை 1967இல் மூடப்பட்டது. 1970க்குப் பிறகு இங்கிலாந்தில் அந்த வண்டியே இல்லை. திருவொற்றியூரில் மட்டும் அது நிற்கவில்லை. 1977இல் இங்கிருந்து இங்கிலாந்துக்கே ஏற்றுமதியானது. தாய் வீட்டில் அடுப்பு அணைந்த பிறகு மகள் வீட்டிலிருந்து சோறு போனது போல.

நான் அரசுப் பணியில் சுகாதார ஆய்வாளராக இருந்தேன். 1980களில் கொல்லிமலையில் வேலை. காரவள்ளியிலிருந்து மேலே ஏற எழுபது கொண்டை ஊசி வளைவுகள். மேலே போய்விட்டாலும் அப்போது பல ஊர்களுக்குத் தார்ச் சாலை கிடையாது, செம்மண் தடம்தான். மழை பெய்தால் அதுவும் வாய்க்கால். ராணுவம் கழித்துப் போட்ட புல்லட் ஒன்று கைமாறி வந்ததை வாங்கினேன். கடன் வாங்கித்தான்.

346 சி.சி. ஒரே சிலிண்டர். உள்விட்டம் 70 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 90 மில்லிமீட்டர். இந்த நீண்ட ஓட்டத்தாலும் கனமான ஃப்ளைவீலாலும்தான் அவசரப்படாமல் ஒவ்வொரு அடியாக எண்ணி வைப்பது போல அது மேடேறும். கியர் வலது காலில், பிரேக் இடது காலில். இப்போது வருகிற பையன்கள் அதிலேயே திகைத்து நின்றுவிடுகிறார்கள்.

கிளப்புவதே ஒரு சடங்கு. சாவியைத் திருப்பி, ஆம்மீட்டர் முள்ளைப் பார்த்துக்கொண்டே கிக்கரை மெதுவாக மிதிக்க வேண்டும். முள் நடுவுக்கு வந்தால் பாயிண்ட் திறந்துவிட்டது, பிஸ்டன் உச்சிக்கு அருகில் இருக்கிறது என்று அர்த்தம். டீகம்ப்ரெஷர் பிடியை இழுத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் நகர்த்தி, பிடியை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, உடம்புப் பாரத்தோடு ஒரே மிதி. அவசரப்பட்டு மிதித்தால் அது திருப்பி உதைக்கும். அப்படி வாங்கிய உதையின் ஞாபகம் என் வலது கணுக்காலில் இன்னும் இருக்கிறது.

எனக்கு இதையெல்லாம் சொல்லிக்கொடுத்தவர் நாமக்கல்லில் பட்டறை வைத்திருந்த பாய். லாரிக்குப் பேர்போன ஊரில் புல்லட்டுக்கென்று இருந்த சின்னக் கொட்டகை அது. ஞாயிற்றுக்கிழமை இறங்கினால் அங்கேதான் இருப்பேன். டேப்பட் வைக்க அவருக்கு அளவுகோல் தேவைப்படாது. இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். புஷ்ராடை இரண்டு விரலால் பிடித்துச் சுற்றிப் பார்ப்பார். தடையில்லாமல் சுற்ற வேண்டும், ஆனால் மேலும் கீழும் ஆடக் கூடாது. பாயிண்ட் எந்த நொடியில் பிரிகிறது என்று பார்க்க சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் மெல்லிய தாளைக் கிழித்து நடுவில் வைப்பார். ஃப்ளைவீலை மெல்லத் திருப்ப, தாள் எப்போது நழுவி வருகிறதோ அதுதான் நேரம்.

"சார், இந்த வண்டியில எல்லாத்தையும் தள்ளிப் போடலாம். எண்ணெயை மட்டும் தள்ளிப் போடாதீங்க" என்பார். காரணமும் சொல்லியிருக்கிறார். கிராங்கில் கனெக்டிங் ராடு சுற்றும் இடத்தில் பேரிங் கிடையாது. மிதக்கும் புஷ் ஒன்றுதான். பம்பிலிருந்து வருகிற எண்ணெய் ஒரு கம்பளி வடிகட்டி வழியாக அங்கே போய்ச் சேர வேண்டும். எண்ணெய் அழுக்கானால் வடிகட்டி அடைக்கும். வடிகட்டி அடைத்தால் புஷ் காயும். அத்தனையும் எனக்குத் தெரியும். தெரிந்தும் 1986இல் இரண்டு மாதம் தள்ளிப் போட்டேன். சீட்டுப் பணம் கட்ட வேண்டியிருந்தது. அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று போய்க்கொண்டிருந்தது.

எல்லாக் குழந்தைகளுக்கும் தடுப்பூசி என்ற திட்டம் 1985இல் தொடங்கி எங்கள் பக்கமும் வந்திருந்த நேரம். போலியோ சொட்டு மருந்தும் தட்டம்மை மருந்தும் சூடு தாங்காதவை. ஐஸ் கட்டிகள் அடுக்கிய பெட்டியில் வைத்து, வெயில் ஏறுவதற்குள் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அன்று கேரியரில் அந்தப் பெட்டி. நான் போய்ச் சேர வேண்டிய ஊருக்கு ஐந்து மைல் இருக்கும்போது இன்ஜினின் அடியிலிருந்து ஒரு தட்டுச் சத்தம். முதலில் மெதுவாக, பிறகு சுத்தியல் போல. நிறுத்தியிருக்க வேண்டும். கொஞ்ச தூரம்தானே என்று விட்டேன். ஒரு மேட்டில் பின்சக்கரம் அப்படியே இறுகி நின்றது. வண்டி சேற்றில் சறுக்கிச் சாய்ந்தது.

பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தேன். போய்ச் சேரும்போது மாலையாகிவிட்டது. செவிலியர் மட்டும் பள்ளிக்கூடத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். "மதியம் வரைக்கும் இருந்தாங்க சார். புள்ளைங்க பசியில அழ ஆரம்பிச்சதும் போயிட்டாங்க" என்றார். சுற்றியிருந்த குடியிருப்புகளிலிருந்து காட்டுவழியாகக் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு நடந்து வந்த தாய்மார்கள். அவர்களை வரவழைக்க அந்தச் செவிலியர் ஒரு மாதம் வீடு வீடாக அலைந்திருந்தார். அடுத்த முறை கூப்பிட்டபோது பாதிப் பேர்கூட வரவில்லை. மீண்டும் நம்பவைக்க எங்களுக்கு ஒரு வருஷம் பிடித்தது. வண்டி பழுதாகிவிட்டது என்று மேலே எழுதிக் கொடுத்தேன். பழுது வண்டியில் இல்லை என்பதை இன்றுதான் எழுதுகிறேன்.

லாரியில் ஏற்றி நாமக்கல் கொண்டு போனேன். பாய் வடிகட்டியைக் கழற்றிக் காட்டினார். கருப்பு மெழுகு உருண்டை போல இருந்தது. "எண்ணெய்க்குக் கணக்குப் பாத்தீங்க. இப்ப இன்ஜின் நம்மகிட்ட கணக்குக் கேக்குது" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

மூன்று வாரம் ஆயிற்று. கிராங்கைப் பிரித்துப் பார்த்தால் புஷ் உருகி ராடோடு ஒட்டியிருந்தது. புதிய ராடு கிடைக்கவில்லை. பாய் பழைய இரும்புக் கடையில் தேடி, எப்போதோ உடைந்துபோன 1960களின் புல்லட் ஒன்றிலிருந்து ராடு கொண்டு வந்தார். அது என் வண்டியில் அப்படியே உட்கார்ந்தது. லேத் பட்டறையில் கிராங்கை இரண்டு முனையிலும் தாங்கவைத்துச் சுற்றி, கோணல் தெரிந்த இடத்தில் செம்புச் சுத்தியால் தட்டித் தட்டி நேராக்கினார்கள். அந்த ராடுதான் இன்றும் உள்ளே ஓடுகிறது.

இதை வண்டியின் பெருமையாகச் சொல்வார்கள். பாதிதான் உண்மை. இருபது வருஷத்துக்கு முந்தைய பாகம் பொருந்தியது ஏனென்றால் இருபது வருஷமாக அந்த வண்டியை யாரும் பெரிதாக மாற்றவில்லை. வெளிநாட்டு வண்டி உள்ளே வர முடியாது. ராணுவமும் போலீஸும் வாங்கிக்கொண்டிருந்தன. மாற்ற வேண்டிய அவசியம் என்ன? எண்ணெய் ஒழுகும், பிரேக் சரியாகப் பிடிக்காது, நாமும் பொறுத்துக்கொண்டோம். 1980களின் நடுவில் ஜப்பானியக் கூட்டில் 100 சி.சி. வண்டிகள் வந்ததும்தான் புல்லட் தள்ளாடியது. 1994இல் ஐஷர் குழுமத்தோடு சேர்ந்து பிழைத்தது. பழைய வார்ப்பிரும்பு இன்ஜினின் காலம் 2010 வாக்கில் முடிந்தது. 2016இல் வந்த ஹிமாலயனும் ஒற்றை சிலிண்டர்தான். மலைக்கென்றே செய்த வண்டி. பக்கத்து வீட்டுப் பையனுடையதை ஓட்டிப் பார்த்தேன். என் வண்டியைவிட எல்லா வகையிலும் மேல். பொறாமையோடு ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அந்த மாறாத வண்டி வேறொன்றைச் செய்தது. ஒரு தலைமுறை கற்றது அடுத்த தலைமுறைக்கும் செல்லுபடியாயிற்று. புத்தகம் படிக்காத பாய் போன்றவர்கள் ஊருக்கு ஒருவர் உருவானது அதனால்தான். பாய்க்கு இப்போது கை நடுங்குகிறது, காதும் மந்தம். கொட்டகை இருந்த இடத்தில் செல்போன் கடை. போன பொங்கலுக்குப் போயிருந்தபோது அவர் முதலில் கேட்டது என்னையல்ல. "எண்ணெய் மாத்துனீங்களா சார்?"

மாற்றியிருந்தேன். கொல்லிமலைக்குப் பிறகு ஒரு தடவையும் தவறவில்லை.

விலைக்குக் கேட்டு வருகிறவர்களிடம் இப்போது ஒன்று சொல்கிறேன். பணம் அப்புறம் பேசலாம், நாலு ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், புஷ்ராடைச் சுற்றிப் பார்க்கவும் வடிகட்டியைக் கழற்றவும் கற்றுக்கொண்டு ஓட்டிக்கொண்டு போங்கள் என்கிறேன். தலையாட்டிவிட்டுப் போகிறார்கள். இரண்டாவது ஞாயிற்றுக்கிழமைக்கு இதுவரை யாரும் வரவில்லை.