குப்பையின் அளவும் கட்டணத்தின் அளவும்

பாலுக்கு வாங்கிய அளவிற்கும், மின்சாரத்திற்குச் செலவிட்ட அளவிற்கும் விலை கொடுக்கிறோம். வீட்டிலிருந்து நாம் எறியும் குப்பைக்கு மட்டும் அத்தகைய அளவுகோல் இங்கே வழக்கில் வரவில்லை. சித்தூர், திருப்பதி நகரங்களின் வரலாற்றை நோக்கின் இவ்வுண்மை புலனாகும்.

திருப்பதியில் 1886ஆம் ஆண்டிலும், சித்தூரில் 1917ஆம் ஆண்டிலும் நகராட்சி ஏற்பட்டது. அந்நாளில் இவ்விரண்டு ஊர்களும் சென்னை மாகாணத்தைச் சேர்ந்தவை. வீட்டின் ஆண்டு வாடகை மதிப்பைக் கொண்டு வரி விதிப்பதே அக்கால முறை. பின்னர் வந்த 1965ஆம் ஆண்டு ஆந்திரப் பிரதேச நகராட்சிச் சட்டமும் துப்புரவு வரியைச் சொத்துவரியின் ஒரு பகுதியாகவே வைத்தது. பெரிய வீட்டார் மிகுதியாகவும், சிறிய வீட்டார் குறைவாகவும் செலுத்தினர். வசதிக்கேற்ற நீதி இதில் உண்டு; ஆயினும் குப்பையைக் குறைத்தவருக்கு ஒரு பயனும் இல்லை.

2021 அக்டோபர் 2 அன்று ஆந்திர அரசு நகரத் தூய்மைத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. அதன்கீழ் வீடுதோறும் மாதக் கட்டணம் வந்தது. மக்கள் இதனைச் 'செத்த பன்னு' என்றனர். தெலுங்கில் 'செத்த' என்பது குப்பை, 'பன்னு' என்பது வரி. கொல்லையில் எருக்குழி வெட்டியவரும், யாவற்றையும் வீதிக்கு அனுப்பியவரும் ஒரே கட்டணம் செலுத்த வேண்டியதாயிற்று. எதிர்ப்பு வலுத்தது. மூன்றாண்டு கழித்து, அதே காந்தி ஜயந்தி நாளில், மசூலிப்பட்டினத்தில் முதலமைச்சர் சந்திரபாபு நாயுடு அவ்வரி நீக்கப்படும் என்று அறிவித்தார். தமிழ்ச் செவிக்கு அப்பெயர் உணர்த்தும் பொருளே இறுதியில் பலித்தது!

வேறொரு வழியும் உண்டு. தென்கொரியா 1995இல் நாடு முழுவதும் அளவுவழிக் கட்டணத்தைக் கொணர்ந்தது. உள்ளாட்சி மன்றங்கள் விற்கும் பைகளிலேயே குப்பையை இட வேண்டும். பையின் விலையே கட்டணம். தாள், கண்ணாடி முதலிய மறுபயன் பொருள்களைப் பிரித்துக் கொடுத்தால் கட்டணம் இல்லை. ஆகவே, பிரிப்பவருக்குச் செலவு குறைந்தது.

இம்முறையிலும் இடர் உண்டு. பைக்காசை மிச்சப்படுத்த எண்ணி இரவில் ஏரிக்கரையில் கொட்டுவோரும், தெருமுனையில் எரிப்போரும் தோன்றக்கூடும். ஏழைக் குடும்பத்திற்குச் சலுகை வேண்டும். திருப்பதியிலோ யாத்திரிகர் விட்டுச்செல்லும் குப்பையின் செலவை விடுதிகளும் உணவகங்களும் ஏற்க வேண்டுமேயன்றி, ஊர்க் குடும்பங்கள் மீது சுமத்துதல் முறையன்று.

வரி நீங்கியது, குப்பை நீங்கவில்லை. வண்டிக்கும் தொழிலாளர் ஊதியத்திற்கும் எவரேனும் பணம் கொடுத்தே ஆக வேண்டும். அளவு நோக்காத கட்டணம் தண்டனையாகத் தோன்றும்; அளவறிந்து வாங்கும் கட்டணமோ நியாய விலையாகத் தோன்றும். எறியுமுன் ஒரு கணம் எண்ணச் செய்யும் கட்டணமே நமக்கு ஏற்றது அன்றோ?